பல்லில்லாத சாவி

கேரியர் கனக்கவில்லை.

வேலை முடிந்து வந்த சாலமோன் வாசலில் நின்றபடியே அதை நீட்டினான். ஞானம்மா வாங்கிய கையோடு ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். காலையில் சோறும் மீன்குழம்புமாக அவள் பூட்டிக் கொடுத்த கேரியர் இப்போது காலி. பூட்டு மட்டும் பூட்டினது பூட்டினபடி தொங்கியது.

அந்தப் பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று அவளுடையது. அவனுடையதைக் காலையில் அவன் குளிக்கப் போனபோது சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்துவிட்டாள். இரண்டும் இப்போது அவள் முந்தானை முடிச்சில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

பக்கத்து வீட்டுக் கங்கம்மா அந்த நேரம் பார்த்துத்தான் குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தர எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும். உள்ளே ஒரு பிடி முருங்கைக்கீரை வைத்திருந்தாள். ஞானம்மா அதை வாங்கி வைத்துவிட்டு, அவளைப் பேசவிடாமல் அனுப்பினாள்.

சந்தேகம் சும்மா வரவில்லை.

காரம் இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிடுகிற மனுஷன், ஒரு மாதமாக மத்தியானக் குழம்பில் மட்டும் காரத்தைக் குறைக்கச் சொல்கிறான். ராத்திரிக் குழம்புக்கு அந்தப் பேச்சே கிடையாது. அவன் வேலை செய்யும் கும்மிடிப்பூண்டி ஆணி கம்பெனியில் பாக்கிங்குக்குப் புதிதாகப் பெண்களைச் சேர்த்திருப்பதை அவன் சொல்லவில்லை. ஆரம்பாக்கம் ஊரே சொன்னது.

காரத்தை ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டதற்கு, கூட வேலை செய்கிறவர்கள் கேரியரைத் திறந்து தின்றுவிடுகிறார்கள், அவர்களுக்குத்தான் காரம் ஆகவில்லை என்றான்.

அவ்வளவுதானே என்று அவள் தன் தம்பியிடம் சொல்லி பர்மா பஜாரிலிருந்து இந்தப் பூட்டை வரவழைத்தாள். சாவியில் பல்லே இல்லை, வெறும் தகடு. எந்தக் கள்ளச் சாவியும் சேராது, எந்தக் கம்பியை விட்டுக் குடைந்தாலும் அசையாது என்று தம்பி சத்தியம் பண்ணியிருந்தான். பூட்டு வந்தது. ஆனால் காரத்தைக் கூட்டு என்று மட்டும் சாலமோன் சொல்லவில்லை.

அதனால்தான் இன்று சாவியை எடுத்தாள். சாவி இல்லாமல் போனவன் கேரியரைக் கனமாகக் கொண்டு வந்திருக்க வேண்டும். அப்படியானால் மூன்றாவதாக ஒரு சாவி எவள் இடுப்பிலோ இருக்கிறது. தான் கண் எரிய ஊதி ஊதி வைத்த குழம்பை எவளோ சப்புக்கொட்டித் தின்கிறாள். முகம் தெரியாத அவள் மேல் ஞானம்மாவுக்கு வந்த பொறாமையில் இன்னொரு உலை கொதித்திருக்கும்.

எப்படித் தின்றாய் என்று கேட்டாள். சாவியை எங்கேயோ விட்டுவிட்டதாகவும், தட்டித் திறந்ததாகவும் சாலமோன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

“தட்டினா தொறக்கறதுக்கு அது இன்னா தேங்காயா? எங்க, என் கண்ணு முன்னால தொற.”

திறக்காவிட்டால் இன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு மீஞ்சூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவு பண்ணிவிட்டாள்.

சாலமோன் படியில் உட்கார்ந்தான். பூட்டின் வளையத்தை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு விறகுக் கட்டையால் பக்கவாட்டில் தட்டினான். திறக்கவில்லை. மறுபடி தட்டினான். அப்போதும் இல்லை.

இன்னொரு தட்டு. வளையம் டக்கென்று கழன்றுகொண்டது.

“உள்ள இருக்கிற ஊசியெல்லாம் காந்தம்மே. சாவியும் காந்தம். ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தா ஒட்டாது, தள்ளிக்கும். ஊசி நவுந்துச்சுன்னா பூட்டு தொறந்துக்கும். சாவி இல்லாங்காட்டி இன்னா, ஒரு தட்டு தட்டினா ஊசி துள்ளும். அது துள்ளற நேரம் பாத்து இழுத்துடணும்.”

ஞானம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் சொன்னது பொய்யில்லை. கண் முன்னால் திறந்து காட்டிவிட்டான். தங்கமான மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. மீஞ்சூரும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம். குளிக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது என்று சொல்லி, முடிச்சை அவிழ்த்து அவன் சாவியை அவனிடமே கொடுத்தாள். ராத்திரிக்கு நல்ல காரமாக வறுவல் பண்ணித் தருவதாகவும் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அவள் கேரியரோடு கொல்லைக்குப் போனாள். சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்து வைத்துக்கொண்டு மேல் கிண்ணத்தைக் கழற்றினாள்.

கழுவியிருந்தது.

தின்ற தட்டில் கையைக் கழுவிவிட்டு அப்படியே எழுந்து போகிறவன் அவன். இது சாம்பல் போட்டுத் தேய்த்து, அலசி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்து எடுத்த கிண்ணம். மீன் வாடை கொஞ்சம்கூட இல்லை.

அடிக் கிண்ணத்தைக் கழற்றினாள்.

உள்ளே ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இன்னும் வாடாமல்.

எவளாக இருந்தாலும் நல்ல வளர்ப்பு. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தர அவளுக்கும் மனசு வரவில்லை.