கூரைப் பனி

கூரைப் பனி தொம்மென்று விழுந்தபோது கிருபாமலர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

கத்தி அப்படியே நின்றது.

வெளியே போன மகன் மேர்வின் அண்ணாந்து பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். இந்த ஒரு வருடமாக வீட்டின் அந்தப் பக்கத்துக்கு அவள் போனதே இல்லை. மகன் கூப்பிடுகிறான் என்பதற்காகப் போனாள்.

கூரையில் பன்னிரண்டு சோலார் பனல்களும் கழுவித் துடைத்ததுபோலக் கறுப்பாக இருந்தன. மூன்று நாளாக அவற்றை மூடியிருந்த சாண் தடிப்புப் பனி, மொத்தமாகப் புல்லில் கிடந்தது.

"பாத்தீங்களோ அம்மா, தானா விழுந்திட்டுது."

மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலம் வெளியே தெரிந்தால் போதுமாம். அந்தக் கறுப்பு வெயிலில் சூடாகி, அடிப்பனி இளகி, எல்லாம் ஒரேயடியாக வழுக்கிக்கொண்டு வந்துவிடுமாம். விழாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது; பெப்ரவரி முழுக்கக் கிடைக்கும் மின்சாரம் ஜூனில் எட்டு ஒன்பது நாளில் கிடைத்துவிடும் என்றான்.

நாளைக்கு அவள் கணவர் ஸ்ரிபனின் ஓராண்டு நினைவு ஆராதனை. மேர்வின் அதற்காகத்தான் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து மூன்று மணித்தியாலம் கார் ஓட்டி, நேற்று கிரின்ஸ்டெட்டில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்திருந்தான். போன வருடம் இதே கூரையில் பனி தள்ள ஏறிய அப்பா, இதே புல்லில்தான் விழுந்து கிடந்தார்.

அவன் கைத்தொலைபேசியை எடுத்தான். பனல்களின் செயலியைத் திறந்து, போன வருடத்தின் அந்த நாளுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

காலை முழுக்கப் பூச்சியம். பத்தரைக்கு வரைகோட்டில் ஒரு சின்ன மேடு. இரண்டு பனல்களைத்தான் அவர் துடைத்து முடித்திருந்தார்.

"அரை யூனிட்கூட இல்லை. நாலு தரம் கேத்தில்ல தண்ணி கொதிக்கவைக்கலாம்."

அவன் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தொலைபேசியைச் சட்டென்று பைக்குள் போட்டான்.

"நாளைக்கு ஆராதனையில நான் கதைக்கமாட்டன். பாஸ்டரிட்டச் சொல்லிவிடுங்கோ. இதுக்காகக் கூரையில ஏறின மனுசனைப் பற்றி என்னத்தைக் கதைக்கிறது?"

அதற்கு மேல் டெனிஷில் ஏதோ முணுமுணுத்தான். பிடிவாதக்காரன் என்ற சொல் மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. அடக்கம் முடிந்த நாளுக்குப் பிறகு அவன் ஒருதரம்கூடக் கல்லறைக்குப் போகவில்லை.

கிருபாமலர் வாயைத் திறந்தாள். குளிர்காற்றுத் தொண்டைவரை போனது.

"ஓம் தம்பி," என்றாள். "சொன்னாக் கேக்கமாட்டார்."

மேர்வின் தலையை ஆட்டினான். வாசலில் கிடந்த பனி அள்ளும் சவளை எடுத்து வந்து, புல்லில் கிடந்த பனியை ஓரமாக ஒதுக்கத் தொடங்கினான். அவள் உள்ளே வந்து வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

அவர் விழுந்த அன்று காலை ஸ்ரிபன் இரவு வேலை முடிந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் சோபாவில் சரிந்துவிட்டார். செயலியில் பூச்சியத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், பனியைத் தள்ளச் சொல்லி அவரைத் தட்டி எழுப்பியவள் அவள்தான்.

"அது தானா வழுகும். நீர் விடும்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் கோபத்தோடு கராஜுக்குப் போய், ஏணியைத் தனியாக இழுத்து வந்து, சுவரில் அடித்துச் சாத்தினாள்.

அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் எழும்பி வந்தார்.