இருவர் அறை

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும் மேலாளர், இன்று போகவில்லை. தையல் டீச்சர் விஷயத்தை இன்றோடு முடித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு மாடியேறினார்.

பின்னே என்ன? இந்த முதியோர் குடியிருப்பில் இருவர் தங்கும் அறை குதிரைக்கொம்பாகிவிட்டது. எத்தனையோ தம்பதிகள் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். டீச்சரோ, கணவர் கண்ணை மூடிய பிறகும் இருவர் அறையை விடமாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

ஒற்றை அறைக்கு மாறச் சொல்லி ஆள் அனுப்பும்போதெல்லாம், "இந்த ரூம்ல ரெண்டு பேர் இருக்காங்க" என்று ஒரே பதில்தான். பாவம், போனவரையும் சேர்த்துச் சொல்கிறார் என்று மேலாளரும் பொறுத்துப் போனார்.

ஆனால் டீச்சர் தினமும் மத்தியானம் அறைக் கதவைச் சாத்திவிட்டு வராந்தா பெஞ்சில்தான் பொழுதைப் போக்குகிறார் என்று காவலாளி வத்தி வைத்ததும் அந்தப் பொறுமையும் போய்விட்டது. தானும் அனுபவிக்காமல் அடுத்தவரையும் விடாமல், இதென்ன ஜென்மம்!

டீச்சர் பெஞ்சில்தான் இருந்தார். மடியில் ஒரு தலையணை உறையை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கப் போராடிக்கொண்டிருந்தார்.

மேலாளர் முதலில் பதமாகத்தான் ஆரம்பித்தார். கீழே நல்ல ஒற்றை அறை காலியாக இருக்கிறது, படியேற வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் தோட்டம் என்றெல்லாம் ஆசை காட்டினார். டீச்சர் மசியவில்லை.

"வயசான காலத்துல புருஷன் ஒரு இடம், பொண்டாட்டி ஒரு இடம்னு கிடந்து தவிக்கிறவங்க இருக்காங்க டீச்சர். அவங்க ஏக்கம் உங்களுக்குப் புரியலையா?"

டீச்சர் ஊசியை உறையில் குத்தி வைத்தார்.

"புரிஞ்சதாலதான் தம்பி, இங்க உட்கார்ந்திருக்கேன்."

"அப்போ ரூமைக் கொடுங்க."

"தினமும் மத்தியானம் கொடுத்துட்டுத்தானே வெளியே வர்றேன். உள்ளே ரெண்டு பேர் இருக்காங்கன்னு எத்தனை தடவை சொன்னாலும் நீங்க நம்பலை."

உள்ளே யாரோ மெல்லச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கூடவே ஓர் ஆண் குரல். வெளியாட்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாரா? மேலாளருக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. கதவைத் தட்டக்கூட இல்லை, தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள் ஒட்டிக் கிடந்தன. ஒன்றில் பெரியவர் கண்களை மூடிச் சாய்ந்திருந்தார். மற்றொன்றில் இருந்த அம்மாள் அவர் கையைத் தன் மடியில் வைத்து நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

மேலாளர் வீட்டில் இருக்கும் அம்மா. அவர் தம்பி வீட்டில் இருக்கும் அப்பா. இடவசதி பார்த்து, அண்ணனும் தம்பியும் சண்டை சச்சரவில்லாமல் பேசி முடித்த ஏற்பாடு அது. அம்மா தினமும் லைப்ரரிக்குப் போவதாகத்தான் மேலாளர் நினைத்திருந்தார். டீச்சர் அங்கே கிடைத்த சிநேகிதி போலிருக்கிறது.

அம்மா பதறி எழுந்தாள். அப்பா, வெட்டாத கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அம்மாதான் கெஞ்சினாள்.

"கோவிச்சுக்காதேப்பா. இன்னும் ஒரு கைதான் பாக்கி, வெட்டிட்டுப் போயிடறோம். உன் தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதே."