ஊருக்கு ஒரே ஓட்டு

பத்து ரூபாய்க்கு மேல் தீர்வை கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு என்று வெள்ளைக்காரத் துரைத்தனம் சொல்லிவிட்டதால், அந்த ஊரில் செங்கோடக் கவுண்டர் ஒருவருக்குத்தான் ஓட்டு இருந்தது. தேர்தலில் ஜமீன்தாரும் ஒரு வக்கீலும் நின்றார்கள். ஓட்டுச்சாவடிக்குக் கிளம்பியவரை வீட்டுக்கு வீடு நிறுத்தினார்கள். வயலுக்கு மடை திறந்துவிடுவார், ஜமீனுக்கே போடுங்கள் என்றார் செக்குக்காரர். போலீஸ் பிடித்துக்கொண்டுபோன மகனை மீட்க வக்கீலால்தான் முடியும் என்று கும்பிட்டாள் கொல்லர் வீட்டு மாராயி. எல்லோருக்கும் தலையாட்டினார்.

திரும்பும்போதும் அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள்.

"நாஞ் சொன்னவருக்குத்தானுங்களே?"

ஆட்டி ஆட்டிக் கழுத்தே பிடித்துக்கொண்டது. வீட்டில் மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

"அதிருக்கட்டும், உங்களுக்கு யாரு வரோணும்னு இருந்துச்சு?"

ஒத்தடத்துக்கு நடுவிலும் அவர் தலை மட்டும் மெல்ல ஆடியது.