யார் எழுந்து நிற்பது

வாசக மேடையில் நின்ற பெண் என் பெயரை வாசித்தாள்.

நவம்பர் மாதம். எங்கள் கோவிலில் ஞாயிறு தமிழ்ப் பூசை தொடங்குவதற்கு முன்னால் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். பெயர் வந்ததும் அந்தக் குடும்பம் எழுந்து நிற்க வேண்டும். நின்ற பிறகுதான் அடுத்த பெயர்.

எனக்கு முன்னால் வந்த பெயர்களுக்கெல்லாம் ஆட்கள் எழுந்தார்கள். யாரோ ஒரு பெரியவருக்கு ஒரு வரிசையே எழுந்தது.

பிரிஜட்டுக்கு யாரும் எழவில்லை.

உலகத்தில் ஒரு பிரிஜட்தானா என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. ஒப்புக்கொடுப்பவர்கள், பிடோக் வட்டாரம், மரியஅந்தோணி குடும்பத்தார்.

மரியஅந்தோணி என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். என் கணவர். அவருக்கு அந்தப் பக்கம் எங்கள் மகள் நிக்கோல்.

லிம்ஃபோமா புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து நான் கோவிலுக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, இனிப் பழையபடி இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழையபடி என்றால் எந்தப்படி என்று அவர் சொல்லவில்லை. முடி சுருட்டை சுருட்டையாக முளைத்திருக்கிறது. தெரிந்தவர்களே என்னைத் தாண்டிப் போனார்கள்.

வாசலில் தீர்த்தத் தொட்டிக்குள் கையை விட்டேன். தண்ணீர் தெரியவில்லை. மருந்தில் மரத்துப்போன கைகள் இவை. மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் தெரியாது. விரலில் ஈரம் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு சிலுவை போட்டேன்.

வீட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது மிளகாய்த்தூள் டப்பா முதற்கொண்டு எல்லாம் இடம் மாறியிருந்தது. நிக்கோல் மீன் குழம்பு வைக்கிறாள், என்னைவிட நன்றாகவே. என் அலமாரியில் பாதி காலி. துணியெல்லாம் எங்கே என்று கேட்டதற்கு, பூச்சி அரித்துவிட்டது என்றார் மரியஅந்தோணி. நான் அறைக்குள் நுழைந்தால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு கணம் என்னையே பார்ப்பார்கள். அது என்ன பார்வை என்று எனக்கு இத்தனை நாளும் புரியவில்லை.

மேடைப் பெண் மறுபடி வாசித்தாள். பிரிஜட்.

தலைகள் திரும்பின. குடும்பத்தைத் தேடின. என்மேல் பட்ட கண்கள் நிற்காமல் நகர்ந்துபோயின.

மரியஅந்தோணி தரையைப் பார்த்தபடி சொன்னார். “கேன்சல் பண்ண மறந்துட்டேன் பிரிஜட். போன வருஷமே புக் பண்ணிட்டேன்.”

போன வருடம், இதே நவம்பர். நான் கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டேன் என்று டாக்டர்கள் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்ன மாதம்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கியாசு என்றால் அப்படி ஒரு கியாசு, எதுவும் கைதவறிப் போய்விடக் கூடாது என்ற பதற்றம். தேக்கா மார்க்கெட்டில் சாப்பாட்டு மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்த பிறகுதான் அவருக்குப் பசியே எடுக்கும். நவம்பர் ஞாயிறு ஒரு வருடத்துக்கு முன்பே நிரம்பிவிடும் என்று தெரிந்த மனிதர் சும்மா இருப்பாரா? எனக்கும் இடம் பிடித்து வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. பயமாக இருந்தது. என்னை அழுது முடித்துவிட்ட வீட்டில் நான் குடியிருக்கிறேன்.

மேடைப் பெண் தாளிலிருந்து கண்ணை எடுத்துக் காத்திருந்தாள். ஆள் எழாத ஆன்மா அனாதை ஆன்மா என்பார்கள். அந்தப் பிரிஜட்டை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை.

நான் எழுந்தேன்.

எழும்போது ஏதோ என் இடது கையைக் கீழே இழுத்தது. கைப்பை வார் மாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து பார்க்கவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடைப் பெண்ணுக்கு நிம்மதி. தலையாட்டினாள். பிரிஜட்டுக்கு நித்திய இளைப்பாற்றி தரச் சொல்லிக் கோவில் முழுக்க ஒரே குரலில் வேண்டியது. மரியஅந்தோணியும் வேண்டினார். தடங்கலே இல்லை. என் பெயரை வைத்துப் பல தடவை சொல்லிப் பழகிய குரல். நிக்கோல் உதடு மட்டும் அசைத்தாள்.

பழக்கதோஷம், நானும் சொன்னேன்.

உட்கார்ந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி என் தோளைத் தொட்டாள். புதியவள். கண் கலங்கியிருந்தது.

“யாரு அவங்க, உங்க சிஸ்டரா?”

மரியஅந்தோணி மூச்சு விடுவது நின்றுவிட்டது.

“கூட இருந்தவங்க” என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மணி அடித்தது. அடுத்து எல்லோரும் எழ வேண்டும். கைப்பை வாரை விடுவிக்கலாம் என்று குனிந்தேன்.

கைப்பை நிக்கோலின் மடியில் இருந்தது.

என் இடது கை மரியஅந்தோணியின் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தது. அவருடைய விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அவர் நகம் பதிந்த இடங்களில் என் தோல் கன்றிப்போயிருந்தது.

எப்போது பிடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.