சேராத ஜோடி

அம்மாவின் தலையில் கடைசிக் கம்பியைப் பொருத்தும்போது மரக்காணம் உப்பளம் முழுக்க வெள்ளையாக இருந்தது. பாத்தி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று வினோதினிக்குத் தெரியவில்லை.

"தலையில வலையப் போட்டு என்னாத்தடி புடிக்கப் போற?" என்றாள் அம்மா அம்சவள்ளி.

பக்கத்து நாற்காலியில், மூளை அலையைப் பதியும் அதே போன்ற வலையுடன், சித்தி சுலோசனா. சிரிப்பு வந்தும் சிரிக்கவில்லை. சிரித்தால் அக்காவுக்குப் பதில் சொன்னதாகிவிடும்.

அம்மா அச்சடித்த ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் சித்தியின் பெயர் விட்டுப்போய் ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து பேச்சில்லை. ஆனால் அடுத்தடுத்த பாத்தியில்தான் இருவரும் உப்பு வாருகிறார்கள்.

வினோதினிக்கு இப்படி ஒரு ஜோடிதான் வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் படித்துவிட்டு, மூளையும் கணினியும் சேர்ந்த ஆராய்ச்சிக்குப் போனவள் அவள். மூளைப் பேராசிரியருக்கு அவள் கம்ப்யூட்டர் பெண். கம்ப்யூட்டர் பேராசிரியருக்கு மூளைப் பெண். இரண்டு வீட்டுக்கு ஒரே மருமகள் என்றால், சாப்பிட்டாயா என்று ஒரு வீட்டிலும் கேட்க மாட்டார்கள்.

சேர்ந்து வேலை செய்கிறவர்களின் மூளை அலைகளும் சேர்ந்து போகுமா என்பது அவள் கேள்வி. ஒட்டிப் பழகும் ஜோடிகள் ஆறும் கிடைத்துவிட்டன. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒட்டாத ஜோடிகளில் ஒன்று குறைந்தது. நாளை மறுநாள் ஆய்வை மதிப்பிடும் குழுவின் முன் அதைக் காட்டாவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவார்கள். மூன்று வருட உழைப்பும் மழையில் நனைந்த உப்புதான்.

அவள் உட்காருவாள் என்றால் நானும்தான் என்று அக்காவும் தங்கையும் தனித்தனியே ஒப்புக்கொண்டார்கள்.

கம்பிகள் குட்டை. நாற்காலிகளை ஒட்டிப் போட வேண்டியிருந்தது. உப்பு வாரிய கைகள் இன்னும் காயவில்லை.

வினோதினி விதிகளை வாசித்தாள். பேசக் கூடாது. பல்லைக் கடிக்கக் கூடாது. கண்ணைத் திறக்கக் கூடாது. இப்படி ஆறு. ஏழாவதை வாசிக்கவில்லை. இவர்களிடம் போய் அதைச் சொல்வானேன் என்று விட்டுவிட்டாள்.

இருவரும் கண்ணை மூடினார்கள்.

தூரத்தில் மோட்டார் தண்ணீர் இறைத்தது. காற்று திரும்பும்போதெல்லாம் அந்தச் சத்தம் காணாமல் போய், மறுபடி வந்தது. லேப்டாப் திரையில் மேலே அம்மா, கீழே சித்தி. இரண்டு கோடுகளும் தன் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருந்த வினோதினிக்கும் கண் சொக்கியது.

நான்காவது நிமிடத்தில் மேல் கோடு ஏறியபோது கீழ்க் கோடும் ஏறியது. இறங்கியபோது இறங்கியது. ஒரே கோட்டை இரண்டு முறை வரைந்ததுபோல இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டாள். இரண்டு மூளைகள் இவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போகாது. அவளுடைய இரண்டு பேராசிரியர்களும் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம் அதுதான். எங்கோ கம்பி தொட்டுக்கொண்டிருக்கிறது.

எழுந்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தலை. கழுத்து. தோள். நாற்காலிகளுக்கு நடுவே வந்ததும் அப்படியே நின்றாள்.

ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. அதுதான் ஏழாவது விதி. உப்புத் தண்ணீர் பட்ட கைகள் சேர்ந்தால் ஒருவரின் அலை மற்றவரின் கோட்டில் ஏறிவிடும். பதிவு வீண்.

அம்மாவின் கைக்குள் சித்தியின் கை இருந்தது. சித்தியின் விரல்கள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தன. முதலில் நீட்டியது யார் என்று எந்தக் கோட்டிலும் இல்லை.

இனி வேறு ஜோடி தேட நாளில்லை. ஆனாலும் வினோதினிக்கு அழ வேண்டும்போல அத்தனை சந்தோஷமாக இருந்தது.

சத்தம் வராமல் பதிவை நிறுத்தினாள்.

"ஆச்சாடி?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்மா. ரெண்டு பேரும் கண்ணத் தொறந்துடாதீங்க."