முழு நிமிடம்

டாக்டர் நீலகண்டனின் பதிமூன்று நாள் காரியம் நேற்றோடு முடிந்தது. திருவனந்தபுரம் கரமனை வீட்டில் காலை வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் கிடத்தியிருக்கிறது. தலை சுற்றுகிறது என்கிறார் அவர் மனைவி பத்மஜா மாமி. இதுவரை அழவில்லை. சாரிடம் என்னோடு படித்து டாக்டரான கைலாஷ் நாடியைப் பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குகிறான். "எழுபத்தாறு. நார்மல், மாமி." மாமி கையை என்னிடம் நீட்டுகிறார். "நீ பாருடா. உங்க சார் தெனம் காப்பிக்கு முன்னாடி எனக்கு முழு நிமிஷம் பார்ப்பார்." "நான் படிப்பை விட்டவன், மாமி." "தெரியும். நைட் டியூட்டிலேர்ந்து ஓடினவன். இப்போ பகல்தானே?" கைலாஷ் சிரிக்கிறான். நான் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைக்கிறேன். வார்டில் சார் எங்களைப் பெருக்க விட்டதேயில்லை. முழு நிமிடம் கையைப் பிடித்திருந்தால்தான் நோயாளி வாயைத் திறப்பான் என்பார். தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பி, இருமி, நின்றுபோகிறது. கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணுகிறேன். நாற்பதாவது விநாடியில் மாமியின் தோள் குலுங்குகிறது. கண்ணீர் என் புறங்கையில் விழுகிறது. கைலாஷ் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்கிறான். வெகுநேரம் கழித்து மாமி மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்.

"எத்தனைடா?"

"எண்ணிக்கை விட்டுப்போச்சு, மாமி."

"சாரமில்லை, போனாப் போறது. முதல்லேர்ந்து எண்ணு."