பழைய டிரைவரே போதும்

"பதறாதீங்க சார். ஸ்கிரீன்ல இப்ப என்ன தெரியுது?"

"கோடு கோடா ஓடுது மேடம். நான் வரைஞ்ச வீடு குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்குது. மத்தியானம் கஸ்டமர் வீடியோ கால்ல பார்க்க வர்றார். இதைக் காட்டினா அவர் குடி வரவே பயப்படுவார்."

கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் வரைந்து தரும் நிறுவனம் அது. பாதிப் பேருக்கு வீட்டிலிருந்தே வேலை. கணினி மக்கர் செய்தால் உதவிப் பிரிவுக்குப் போன் போடுவார்கள். இன்று அதற்கு அவள் ஒருத்திதான் பொறுப்பு.

"எப்பலேர்ந்து இப்படி?"

"காலையில கிராஃபிக்ஸ் டிரைவரை, அதான் ஸ்கிரீன்ல படம் காட்டற சாஃப்ட்வேரை, அப்டேட் பண்ணினேன். அதுலேர்ந்துதான்."

"நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்கு சார் மாத்தினீங்க? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்காம செய்யறதுதான் மேடம் என் கெட்ட பழக்கம். முந்தாநாள்கூட, பழைய சோபாவைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கிப் போட்டேன். வீட்ல ஒருத்தங்க இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்காங்க."

"சோபாவுக்கு இந்த நம்பர் இல்லை சார். டிவைஸ் மேனேஜரைத் திறங்க."

"திறந்துட்டேன்."

"டிஸ்ப்ளே அடாப்டர்னு இருக்கும். அதுக்குள்ள இருக்கிற கார்டு பேர் மேல ரைட் கிளிக்."

"ரைட்னா, வலது பக்கம்தானே?"

"ஆமா சார். சோத்துக்கைப் பக்கம்."

அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டார். அவளும் சளைக்காமல் சொன்னாள். பிராப்பர்ட்டீஸ், அதில் டிரைவர், அதற்குக் கீழே ரோல் பேக்.

"அழுத்தலாமா மேடம்? எதுவும் ஆயிடாதே?"

"அழுத்துங்க. பழைய டிரைவர் அங்கேயேதான் இருக்கும். திரும்ப வந்துடும்."

அழுத்தினார். "மேடம், மொத்தமா இருட்டாயிடுச்சு."

"கொஞ்சம் பொறுங்க. அப்படித்தான் ஆகும்."

"சரி. நீங்க சாப்டாச்சா?"

"வேலை நேரத்துல சொந்த விஷயம் பேசறதில்லை சார்."

"வந்துடுச்சு மேடம், வந்துடுச்சு. வீடு அசையாம நிக்குது. கதவு, ஜன்னல் எல்லாம் கண்ணாடி மாதிரி தெரியுது."

"சந்தோஷம். ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டு, தானா அப்டேட் ஆகறதை நிறுத்தி வையுங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இல்லை மேடம். பொறுமையாச் சொல்லிக் கொடுத்தீங்க. ரொம்ப நன்றி."

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எழுந்து போய் அடுத்த அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"ரோல் பேக் பண்றது எப்படின்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். அப்புறம் எதுக்கு எனக்குப் போன்?"

கணினி முன்னால் இருந்த கணவன் நாற்காலியோடு திரும்பினான்.

"வேற என்ன செய்யறது? நான் கூப்பிட்டா நீ திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. ஆபீஸ் போன்னா எடுத்துத்தானே ஆகணும்."